மார்ட்டின் ஃபூர்காடுக்கு, பாதியில் எழுந்துபோன ஒருவன் எழுதுவது

அன்புள்ள மார்ட்டின்,

மார்ச் 14 மறுபடியும் வந்துவிட்டது. 2020-இல் ஃபின்லாந்தின் கொன்டியோலாதியில் உங்கள் கடைசிப் பயத்லான் போட்டியை, பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த அந்தப் போட்டியை, வென்று விடைபெற்ற நாள். அதை நான் பார்க்கவில்லை. ஆண்டுதோறும் எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட கடிதம் இது.

தொடர்ச்சியாக ஏழு பருவங்களின் ஒட்டுமொத்த உலகக் கோப்பைகளை வென்ற கதையை உங்களுக்கே சொல்லப் போவதில்லை. பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கைப் பற்றித்தான் பேச வேண்டும்.

2018 பிப்ரவரி 18, பதினைந்து கிலோமீட்டர். கடைசி நேர்ப்பாதையில் நீங்களும் ஜெர்மனியின் சிமோன் ஷெம்பும் தோளோடு தோள். எல்லைக் கோட்டில் இருவரும் ஒன்றாகக் காலை நீட்டினீர்கள். தோற்றுவிட்டோம் என்று நினைத்துக் கைக்கோலை ஓங்கி அடித்தீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் சோச்சி ஒலிம்பிக்கில், நார்வேயின் ஸ்வென்சன் வெற்றிக்குக் கையைத் தூக்கிய பிறகும் பாய்ந்து பார்த்து, எல்லைக் கோட்டுப் புகைப்படத்தில் தோற்றவர் நீங்கள். அந்த வலி முழுவதும் அந்தக் கோலில் இருந்தது. அதைப் பார்த்ததும் நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்துபோனேன். புகைப்படம் வேறு சொன்னது: 14 சென்டிமீட்டர் முன்னால் நீங்கள். தங்கம். எனக்கு அது தொலைபேசியில் வந்த செய்தி.

நீங்களே நம்பாததை நான் எப்படி நம்பியிருக்க முடியும்?

ஆனால் அடுத்த குளிர்காலத்திலும் அதையேதான் செய்தேன். நீங்கள் தடுமாறினீர்கள், நார்வேயின் யொஹானஸ் போ ஒரே பருவத்தில் பதினாறு போட்டிகளை வென்றார். உங்கள் காலம் முடிந்தது என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு, பார்ப்பதையே நிறுத்திக்கொண்டேன். வீட்டிலும் அப்போது ஒருவர் தோற்றுக்கொண்டிருந்தார். இதைப் படிப்பவர்களில் அவரை அறிந்தவர்கள் உண்டு, அதனால் இதற்கு மேல் எழுதமாட்டேன். தோல்வியை இரண்டு இடங்களில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

நீங்களோ திரும்பி வந்தீர்கள். கடைசிப் பருவத்தில் கோப்பை கைநழுவியது வெறும் இரண்டு புள்ளிகளில்.

என்றாலும் உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. விடைபெறுவதை முந்தைய நாள்தானா அறிவிப்பது? கொரோனாவால் பருவம் சுருங்கியது உங்கள் தவறல்ல, அரங்கில் பார்வையாளர்களை விடாததும் உங்கள் தவறல்ல. ஆனாலும் ஒரு வாரம் கொடுத்திருந்தால் நான் திரும்பி வந்திருப்பேன். வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் விஷயத்தில் முடிவுகள் தாமதமாகவே வருகின்றன. 2010 வான்கூவரில் கிடைத்த வெள்ளி, முதலிடம் பெற்ற ரஷ்யர் ஊக்கமருந்துக்காக நீக்கப்பட்ட பின், ஆண்டுகள் பல கடந்து தங்கமாயிற்று. இன்றும் நான் கேட்கும் வர்ணனைகளில், யாராவது விரைவாக ஐந்துக்கு ஐந்து சுட்டுவிட்டால், அடுத்து வருவது உங்கள் பெயர்தான். அப்போதெல்லாம் பெருமையாக இருக்கிறது. அந்தப் பெருமைக்கு எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

இன்று இரவு கொன்டியோலாதிப் பதிவைப் போட்டு உட்காரப் போகிறேன். நீங்கள் கோட்டைத் தாண்டி, காலி இருக்கைகளுக்கு முன்னால் நிற்பீர்கள். அணைக்க மாட்டேன்.