ஒரு கிராம் தங்கத்துக்கு நன்றி

டிசம்பர் வெள்ளம் எங்கள் ஆய்வகத்தை என்ன பாடு படுத்தியது என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேற்றுதான் குடுவையில் பொன் துகள்களின் சிவப்பு மறுபடி வந்தது. அந்தச் சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

சேறு அள்ளிய மாணவர்கள், வயரிங்கைச் சரிசெய்த தம்பிகள், தங்கள் நிறமாலைமானியை இரவில் விட்டுக்கொடுத்த பக்கத்துக் கல்லூரி நண்பர்கள், நனைந்த நோட்டுகளைத் தாள் தாளாகப் பிரித்து உலர்த்திய அலுவலக அம்மாமார் எல்லோருக்கும் பெரிய கும்பிடு. கோபித்துக்கொள்ளாதீர்கள், மிச்ச இடம் டவுனில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணாச்சிக்கு.

பொன் நானோதுகள், அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய பொன் துகள்கள், செய்ய குளோரோஆரிக் அமிலம் வேண்டும். தங்கத்தைக் கரைத்தால் கிடைப்பது அது. இருந்த பாட்டில் ஃப்ரிட்ஜோடு போய்விட்டது. புதிது வாங்கக் கோப்பு நகர வேண்டும். அது நகரும் வேகம் தெரிந்ததுதானே. மாணவி ஆய்வேடு கொடுக்க வேண்டிய கெடுவோ நெருங்குகிறது. நான் படித்த காலத்தில் நானோ என்ற பேச்சே பாடத்தில் கிடையாது. 2007இல் மத்திய அரசு நானோ மிஷன் தொடங்கியபோது ஆசையாக இறங்கியவன். ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான், கடையைக் கட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

சரி, தங்கத்தை ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்து நாமே செய்வோம் என்று பட்டறைக்குப் போனேன். அங்கும் தண்ணீர் புகுந்திருந்தது. தரைச் சேற்றை வாளியில் சேர்த்து அலசிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. பட்டறைத் தூசியில் தங்கம் உண்டு, ஒரு சிட்டிகையையும் விடமாட்டார்கள். அந்த மனிதர் கையைத் துடைத்துவிட்டு, சுத்தத் தங்கத் தகட்டில் ஒரு கிராம் வெட்டி, நிறுத்து, தாளில் மடித்துத் தந்தார். பணம் வாங்கவில்லை. “பிள்ளை படிப்புக்குத்தான சார்? இருக்கும்போது குடுங்க. திராவகப் புகைய மட்டும் மூக்குல வாங்கிராதீங்க.”

அந்த ஒரு கிராமில், எங்களுக்கு வேண்டிய நீர்த்த செறிவில் (மில்லிமோலார்), கரைசல் ஐந்து லிட்டர் வரும், ஆய்வேட்டுக்குத் தாராளம். நேற்று கொதிக்கும் கரைசலில் சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) விட்டதும் இளமஞ்சள் வெளுத்து, கருநீலமாகி, மாதுளைச் சிவப்பில் வந்து நின்றது. ஒரு சின்னப் புட்டியில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணாச்சி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எத்தனை டச் சார்?” தங்கம் எவ்வளவு சுத்தம் என்று பட்டறையில் கேட்கும் கேள்வி அது.

துகள் சிறுத்தால் பொன் சிவக்கும், 1857லேயே விஞ்ஞானி ஃபாரடே செய்து பார்த்தது என்று ஏதோ சொன்னேன். அவர் கேள்விக்கு அது பதில் இல்லை.

இனி எங்கள் ஆய்வகத்தில் பொன் கரைசல் ஒரு சொட்டும் தொட்டியில் ஊற்றப்படாது. மிச்சத்தையெல்லாம் ஜாடியில் சேர்த்து, உப்புப் போட்டுத் திரளவைத்து, படிவதை மீட்கப் போகிறோம். ஒரு கிராம் சேர்ந்ததும் பட்டறைக்குப் போகும். டச் எத்தனை என்று அவரே உரைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.