வீடற்றோருக்கான அடையாள அட்டைப் பணி: உறுப்பினர்களுக்கு அறிவிப்பு

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு இரவு 9 மணிக்குச் சென்னை வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் உறங்குவோரைச் சந்தித்து, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுக்க இருக்கிறோம். வீட்டு முகவரி இல்லாதவருக்கு வாக்காளர் அட்டை கிடைக்காது என்று நம்மில் சிலர்கூட எண்ணியிருந்தோம். ஆனால் தேர்தல் ஆணையத்தின் நெறிமுறைப்படி வீடற்றவர் முகவரிச் சான்று தர வேண்டியதில்லை, படிவத்தில் எழுதிய இடத்தில் அவர் உறங்குகிறாரா என்பதை வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் ஒரு முறைக்கு மேல் நேரில் வந்து பார்த்து உறுதிசெய்வார். ஆகவே சாலையின் பெயரோடு நிறுத்தாமல், எந்தக் கடை வாசல், எந்த மின்கம்பத்தருகே என்பதையும் தெளிவாக எழுதுங்கள்.

ஆதாருக்கு, அதற்குரிய சான்றுப் படிவத்தில் சட்டமன்ற உறுப்பினரோ, அங்கீகாரம் பெற்ற காப்பகத்தில் தங்குபவர் எனில் அதன் கண்காணிப்பாளரோ கையொப்பமிடலாம்; அச்சான்று 3 மாதங்களுக்கே செல்லும். முதல் பதிவுக்குக் கட்டணமே இல்லை என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்.

சென்ற முறை ஒரு பாட்டி, மழையில் நனைந்து எழுத்துக் கலைந்த குடும்ப அட்டை நகலை இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து, மடிப்புக் கிழியாமல் விரித்துக் காட்டினார். அத்தகைய தாள்களிலுள்ள எண்ணை அங்கேயே குறித்துக்கொண்டு, தாளை உடனே அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எவருடைய ஆவணத்தையும் நாம் வாங்கி வைத்திருக்கக் கூடாது.

வர இயன்றவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் இங்கே தெரிவிக்கவும். பேனாவும் ஸ்டாம்ப் பேடும் கொண்டு வரவும்.