ஒரு பழைய நாவலைத் தமிழில் கேட்டு: பதிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு வணக்கம்.

ஆங்கில எழுத்தாளர் ஆண்டனி டிராலப் எழுதிய 'தி ஃபிக்ஸ்ட் பீரியட்' நாவலைத் தமிழில் கொண்டுவாருங்கள். 1882இல் வந்த புத்தகம். எழுதியவரும் அந்த ஆண்டு டிசம்பரிலேயே இறந்துவிட்டார். உரிமைத் தொகை தர வேண்டியதில்லை.

கதை நடப்பது 1980இல், நியூசிலாந்துக்குப் பக்கத்தில் பிரிட்டானுலா என்ற கற்பனைத் தீவில். அதிபர் நெவர்பெண்ட். அங்கே ஒரு சட்டம்: 67 வயதானவர்களை ஒரு கல்லூரியில் சேர்த்து, மரியாதையோடு வைத்திருந்து, 68 நிறைவதற்குள் உயிரை முடித்துவிட வேண்டும். வெந்நீர்த் தொட்டியில் கிடத்தி, மார்ஃபின் கொடுத்து, ரத்தக்குழாயை வெட்டிவிடுவார்களாம். முதல் ஆள் அதிபரின் நெடுநாள் நண்பர் கிராஸ்வெல்லர். சட்டத்தை ஆதரித்தவர்தான். ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் திடகாத்திரமான மனிதர். நாள் நெருங்க நெருங்க, தனக்கு ஒரு வயது குறைவு என்று சொல்லத் தொடங்குகிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மறுநாள்தான் மேலே படிக்க முடிந்தது.

நெவர்பெண்ட் கொடுங்கோலன் இல்லை. தான் செய்வது முதியவர்களுக்கு நல்லது என்று மனதார நம்புகிறவர். 'கொலை' என்றால் பொறுக்க மாட்டார். வங்கியில் பணம் போடுவதுபோல 'டெபாசிட்' என்பார். கடைசியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று பீரங்கியோடு வந்துதான் அவரைத் தடுக்கிறது.

நான் விருதுநகர்ப் பக்கம். வெந்நீர்த் தொட்டி என்று படித்ததுமே எனக்குத் தலைக்கூத்தல் நினைவு வந்துவிட்டது. படுத்த படுக்கையான முதியவர்களை வீட்டாரே முடித்துவைக்கும் வழக்கம் அது. விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவார்கள். பிறகு டம்ளர் டம்ளராக இளநீர். சிறுநீரகம் கெட்டு, காய்ச்சல் கண்டு, ஓரிரு நாளில் முடிந்துவிடும். "பெருசு கஷ்டப்படாம போய்ச் சேந்துருச்சு" என்று துக்க வீட்டில் பேசிக்கொள்வார்கள். நெவர்பெண்டின் குரலும் அதே கனிவான குரல்தான். எங்கள் கிழவிகளுக்குத்தான் கப்பல் எதுவும் வரவில்லை.

மொழிபெயர்ப்பவரிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்தக் கனிவை அப்படியே விட வேண்டும், அவரை வில்லனாக்கிவிடக் கூடாது. 'டெபாசிட்' டெபாசிட்டாகவே இருக்கட்டும். கிரிக்கெட் ஆட்டம் வரும் பகுதி எனக்கே நீளமாகத்தான் பட்டது; ஆனாலும் வெட்ட வேண்டாம்.

என் அம்மாவுக்கு வரும் தை மாதம் 67. நாளிதழை ஒரு வரி விடாமல் படிப்பார், ஆங்கிலம் வராது. இந்தக் கதையை நான் வாயால் சொல்லிப் பார்த்தேன். "அந்த ஆட்டுக்காரர் தப்பிச்சாரா?" என்று கேட்டார். மிச்சத்தை அவரே படிக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருக்கிறேன்.