நிக்கல்சனின் பெரிய துளைகள்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்தது. அந்தப் பழைய எட்டு கீ (துளையை மூடித் திறக்கும் நெம்பு) ஆங்கிலப் புல்லாங்குழலில் 'எஃப் நேச்சுரல்' ஸ்வரம் மட்டும் சுருதிக்கு அடங்க மறுக்கிறது என்றாயே, குற்றம் உன் விரலில் இல்லை, துளையில். அதற்குக் காரணகர்த்தா ஆங்கிலேயக் குழல் வித்வான் சார்லஸ் நிக்கல்சன்.

1795இல் லிவர்பூலில் பிறந்தவர். துளைகளைப் பெரிதாக்கத் தொடங்கியவர் அப்பா. லண்டன் மேடைகளில் அதை நிலைநாட்டியவர் மகன். 'நிக்கல்சன்ஸ் இம்ப்ரூவ்டு' என்ற பெயரில் குழல்களைத் தாமஸ் ப்ரௌஸ் செய்ய, கிளெமென்டி கம்பெனி விற்றது.

துளை பெரிதானால் நாதம் விரிந்து வரும், கூடவே சுருதியும் ஏறும். ஈடுகட்டத் துளையைக் கீழே தள்ளவேண்டும். எவ்வளவு தள்ளுவது? ஆறு துளையும் விரலுக்கு எட்டவேண்டுமே! சிறு துளைக் குழலில் ஒரு துளையைத் திறந்து அதற்குக் கீழே உள்ளதை மூடினால் சுருதி அரை ஸ்வரம் இறங்கும். பெரிய துளையில் அந்தத் தந்திரம் பலிக்காது, சிறிதுதான் இறங்கும். நீ பிடிப்பது அந்தப் பழைய பிடிதான் என்று நினைக்கிறேன். கீயைப் பயன்படுத்து. 'ஈ' ஸ்வரத்திலிருந்து வந்தால் வலது மோதிரவிரலுக்கான குட்டை எஃப் கீ போதும். 'டி'யிலிருந்து வந்தால் வலது மோதிரவிரல் துளையை மூடிக்கொண்டிருக்கும். அந்த விரலையே குட்டை கீக்கு இழுத்தால் நடுவில் பிசிறும். அதற்காகத்தான் இடது சுண்டுவிரலுக்கு நீண்ட எஃப் கீ வைத்திருக்கிறார்கள்.

பெரிய துளையில் லாபமும் உண்டு. விரலை மெல்ல நகர்த்தினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும், நம் ஜாருபோல. நிக்கல்சனுக்கு அதில் அலாதிப் பிரியம். சற்று அதிகமாகவே என்பது என் எண்ணம். சுருதிக் கோளாறை அவர் உதட்டால் சமாளித்தார். மற்றவர்களுக்கு அந்த உதடு இல்லை.

1831இல் லண்டனில் அவரைக் கேட்ட ஜெர்மன் குழல் வித்வானும் குழல் செய்பவருமான தியோபால்ட் போம், அந்த ஒலிவளத்துக்குத் தன்னால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று உணர்ந்து, குழலையே மாற்றியமைக்க இறங்கினார். 1832இல் துளைகளை ஒலியியல் கேட்ட இடத்தில் வைத்து, விரல்களைத் துளையைச் சுற்றிய வளையக் கீகளால் எட்டவைத்தார். நிக்கல்சனைக் கேட்டிராவிட்டால் போம் குழலே அநேகமாகப் பிறந்திருக்காது என்று 1871இல் எழுதினார். பாவம், நிக்கல்சன் 1837லேயே வறுமையில் போய்விட்டார்.

ஒன்று மறந்துவிடாதே. தலைப்பகுதிக்குள் உலோகக் குழாய் இருந்தால், மரம் சுருங்கும்போது அது விட்டுக்கொடுக்காது, மரம்தான் பிளக்கும். கீறல் ஊதுதுளை வழியாகப் போகிறதா என்று பார். வெறும் பசை வைத்து மூடினால் அடுத்த வறட்சியில் மறுபடி திறக்கும். படம் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்