கழுத்துக் குழாயைக் காத்தவர்களுக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மற்றப் பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மதுரையில் உங்கள் பிரிவில் 41 நாள் அசைவற்றுக் கிடந்த என் தந்தை, சென்ற வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எங்கள் மல்லிகைத் தோட்டத்து வரப்புவரை நடந்து போய்த் திரும்பினார். அன்று இரவே இம்மடலை எழுதத் தொடங்கினேன். பெயர்களைப் போட வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்கு அவரவர் செய்தது தெரியும்.

வயிற்றுப்போக்கு நின்று பத்து நாள் ஆன நிலையில் அப்பாவுக்குப் பாதம் மரத்தது. மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. கில்லன் பாரே நோய் என்றீர்கள். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் இந்நோயில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மூச்சுத் தசைகளும் செயலிழந்து வென்டிலேட்டர் தேவைப்படும் என்றும், அந்த ஒருவராக அப்பா ஆகிவிட்டார் என்றும் சொன்னீர்கள். கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினீர்கள். மருந்து தாக்குதலைத் தணிக்கும், ஆனால் நரம்பு மீண்டும் தேறுவதற்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும் என்பதை அப்போது நாங்கள் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஆகவேதான் பதினோராம் நாள் 'ட்ரக்கியாஸ்டமி செய்ய வேண்டும்', அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதும், அப்பாவின் நிலை மோசமாகிவிட்டதாக எண்ணிக் குடும்பமே கலங்கியது. தொண்டையில் ஓட்டை போட்டால் பேச்சு திரும்பாது என்று ஊரில் ஒருவர் விடாமல் சொன்னார். இரண்டு நாள் நாங்கள் கையெழுத்துப் போடவில்லை.

அந்த இரண்டு நாளும் எங்களை அவசரப்படுத்தாத மருத்துவருக்கு என் முதல் நன்றி. பழைய பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் வரைந்து காட்டிய படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதுவரை அப்பாவை வென்டிலேட்டரோடு இணைத்திருந்த, வாய்வழியே இறங்கும் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே புகுந்து செல்வதையும், கழுத்தில் வைக்கும் குழாய் அவற்றுக்குக் கீழே, மூச்சுக்குழாயின் இரண்டாம் மூன்றாம் குருத்தெலும்பு வளையங்களுக்கு இடையே நுழைவதையும் வரைந்து, குரலுக்கு நீண்ட நாள் தொல்லை தரக்கூடியது முன்னதுதான் என்று விளக்கினார். இரத்தக் கசிவு, கிருமித்தொற்று, துளையின் வழி உறுதிப்படும் முன் முதல் வாரத்தில் குழாய் நழுவினால் வரும் ஆபத்து ஆகியவற்றையும் அவர் மறைக்கவில்லை. 'அப்படியானால் முதல் நாளே ஏன் செய்யவில்லை?' என்று என் மாமா சற்றுக் கோபமாகவே கேட்டார். அதற்கும் பதில் இருந்தது. பிரிட்டனில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நான்கு நாளுக்குள் செய்தவர்களுக்கும் பத்து நாள் பொறுத்தவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு காணப்படவில்லை. பொறுத்திருந்த குழுவில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் செய்ய நேரவே இல்லை. தேவை உறுதியாகும்வரை காத்திருந்தோம் என்றார். மாமா அதன்பின் கேள்வி கேட்கவில்லை, அது அவருக்கு அரிது.

ஆனாலும் என் மனம் மாறியது அந்தப் படத்தால் அல்ல. 'நீங்கள் எல்லாரும் பேசிவிட்டீர்கள், அவரிடம் யாராவது கேட்டீர்களா?' என்று அதே மருத்துவர் கேட்டார். கை கால் அசையாவிட்டாலும் அப்பாவுக்கு நினைவு முழுமையாக இருந்தது என்பதை, மகளாகிய நான், மறந்தேபோனேன். கட்டிலருகே குனிந்து, செய்யப்போவதை எளிய சொற்களில் அவருக்குச் சொல்லி, சம்மதம் என்றால் இரண்டு முறை இமையை மூடித் திறக்கச் சொன்னீர்கள். அப்பா இரண்டு முறை மூடித் திறந்தார். சற்று நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, மறுபடியும் இரண்டு முறை. அதற்குப் பிறகுதான் நான் கையெழுத்திட்டேன்.

அறுவை அரங்கு இரண்டு தளங்கள் கீழே இருந்தது. வென்டிலேட்டர், மருந்து பம்புகள், மானிட்டர் எல்லாவற்றையும் அப்பாவோடு லிப்டில் கொண்டுபோகும் ஆபத்தைத் தவிர்த்து, அவர் படுத்த கட்டிலிலேயே அதை முடித்தீர்கள். பிறகு கேட்டறிந்தேன்: மயக்கமும் வலிநிவாரணியும் கொடுத்து, தோளுக்கு அடியில் துணிச்சுருள் வைத்து, ஒருவர் வாய்க்குழாய் வழியே சிறு கேமராவை இறக்கி உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஊசியால் துளைத்து, அதன் வழியே கம்பி ஒன்றைச் செலுத்தி, கம்பியின்மேல் கூம்பு போன்ற விரிப்பானைச் செருகித் துளையை அகலப்படுத்திக் குழாயைப் பொருத்தியிருக்கிறீர்கள். 1985இல் சியாக்லியா என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வெளியிட்ட முறையின் வழிவந்தது இது என்றும் சொன்னீர்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் வெளியே பெஞ்சில் அமர்ந்து வாங்கிய தேநீர் ஆறிப்போகும் முன் கதவு திறந்தது.

அந்த அரை மணி நேரத்துக்கு நன்றி சொல்ல ஒரு பத்தி போதும். அதற்குப் பின் வந்த நான்கு வாரங்களுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. சளி சேரும்போதெல்லாம், நள்ளிரவிலும் விடியற்காலையிலும், முதலில் அப்பாவின் பெயரைச் சொல்லி 'ஐயா, சளி எடுக்கப் போறேன், கொஞ்சம் இருமல் வரும்' என்று எச்சரித்த பின்பே சக்‌ஷன் குழாயை விட்ட சிஸ்டருக்கு நன்றி. ஒருநாள் இரவு கெட்டிச் சளி அடைத்து வென்டிலேட்டர் அலறியபோது, நான் எழுந்து நிற்பதற்குள் உள்குழாயைக் கழற்றி மாற்றுக்குழாயைப் போட்டு முடித்தவரும் அவரே. குழாயைச் சுற்றிக் காற்றடைத்து மூச்சுக்குழாயை அடைத்து வைக்கும் சிறு பலூனான கஃபின் அழுத்தத்தை ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளந்து எழுதியவர்களுக்கும், கழுத்து நாடாவை மாற்றும்போது இருவர் சேர்ந்தே மாற்றியவர்களுக்கும், வாய் விடுபட்டதும் பல் துலக்கி மீசையைத் திருத்திவிட்ட அட்டெண்டர் அக்காவுக்கும் நன்றி. பதின்மூன்று நாள் கழித்து அப்பாவின் முகத்தை முழுதாகப் பார்த்தது அன்றுதான். தினமும் இருவேளை வந்து நெஞ்சைத் தட்டிக் கை கால்களை மடக்கி நீட்டிய பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

மூச்சு மெல்லத் திரும்பியபின் ஒருநாள் கஃபின் காற்றை இறக்கிக் குழாயின் வாயில் சிறு வால்வைப் பொருத்தினீர்கள். உள்ளே காற்றை விட்டு, வெளியே வரும் காற்றைக் குரல்நாண்கள் வழியே திருப்பும் இத்தகைய வால்வு ஒன்றை உருவாக்கிய டேவிட் மியூர், கழுத்துக் குழாயோடும் வென்டிலேட்டரோடும் வாழ்ந்த இளைஞர் என்று படித்தபோது, நோயாளியின் தவிப்பு அறிந்தவர் செய்த பொருள் அது என்று விளங்கியது. நாங்கள் எல்லாம் அப்பா என்ன சொல்வார் என்று சுற்றி நின்றோம். கரகரத்த குரலில், 'பூ எடுக்க ஆள் வருதா?' என்று கேட்டார். சிஸ்டர் சிரித்துவிட்டார், அம்மாதான் அழுதார்.

குழாயை எடுத்த பின் துளை தானாகவே மூடிக்கொண்டது. இப்போது சட்டைப் பொத்தானுக்கு மேல் சிறு தழும்பு மட்டும் உள்ளது. அதைத் தொட்டுக் காட்டி, வருகிறவர்களிடமெல்லாம் தாமே சம்மதம் கொடுத்த கதையை அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இம்மடலோடு எங்கள் தோட்டத்து மல்லிகையும் வருகிறது. உங்கள் பிரிவுக்குள் பூவுக்கு அனுமதி இல்லை என்பதை அறிவோம். வாசல் காவலர் அண்ணனிடம் கொடுத்து வைக்கிறோம். பணி முடிந்து வீட்டுக்குப் போகும்போது மறவாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பதின்மூன்றாம் எண் கட்டிலில் இருந்தவரின் மூத்த மகள்
உசிலம்பட்டி வட்டாரம்