சார், அந்தப் பாதி டோஸ் கேள்வி

அன்புள்ள சார்,

டிசம்பர் மாநாட்டுக்குப் பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். காலையிலிருந்து முடிவெடுக்க முடியவில்லை.

போன வருடம் இரண்டாம் நாள் சாயங்காலம் போன் செய்தீர்கள். எல்லோரும் காபிக்கு வெளியே வந்த நேரம், ஒரே இரைச்சல். ஒரு காதைப் பொத்திக்கொண்டு தூண் ஓரமாக நின்றேன். "என்னம்மா சொல்றாங்க?" என்றீர்கள். ஆரம்பித்துவிட்டேன். மாரடைப்புக்கு 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காத இடமென்றால் காத்திருக்காதே, ஈசிஜியில் எஸ்டி உயர்வு, அதாவது இதய ரத்தக்குழாய் முழுதாக அடைத்ததன் அடையாளம், தெரிந்த 10 நிமிடத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடு, அப்புறம் கீழே அனுப்பு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையமே 33 கிலோமீட்டர், அதற்கப்புறம் கோவை நெரிசல். நம் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்து பேசியது போல இருந்தது சார் என்று குதித்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "75 வயசு தாண்டினவங்களுக்கு அந்த ஊசி, டெனெக்டெப்ளேஸ், பாதி டோஸ்தானே?"

ஆமாம் சார் என்றேன். 2013-இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வில் வயதானவர்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு கூடுதலாக வந்ததால் நடுவிலேயே பாதியாகக் குறைத்தார்கள் என்று விளக்கமும் சொன்னேன். வார்டில் யாரோ தாத்தா படுத்திருக்கிறார் என்று நினைப்பு. யாருக்கு சார் என்று கேட்கவில்லை. அடுத்த அமர்வுக்கு நேரமாகிவிட்டது.

அந்த ஈசிஜி தாள் ஏப்ரலில்தான் கிடைத்தது, உங்கள் பிபி கருவிப் பெட்டிக்குள். அதே தேதி, மாலை 4:40. பெயர் இல்லை. இதயத்தின் இடப்பக்கத்தைக் காட்டும் வி4 முதல் வி6 வரையிலான வரிகளில் எஸ்டி சரிந்திருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் உங்கள் கையெழுத்து: 62 கிலோ, 35 மி.கி., பாதி 17.5.

எஸ்டி சரிவுக்கு அந்த ஊசி கிடையாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள். ராத்திரிக்குள் அது உயர்வாக மாறினால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். தனியாக. என்னிடமே டோஸ் கேட்டு.

மன்னித்துவிடுங்கள் சார். உங்களுக்கு மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. பனிக்காலம், மாடி ஏறியிருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று என் பையை வாங்கிக்கொண்டீர்களே, அதையும் கொடுத்தேன்.

ஆனால் போகச் சொன்னது யார்? "எனக்கும் சேர்த்துக் கேட்டுட்டு வா" என்று ஒவ்வொரு வருடமும் துரத்தியது யார்? அன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இதய டாக்டர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோவையில் யாரையாவது பிடித்து, உங்களை அன்றைக்கே கீழே இறக்கியிருப்பேன். நெஞ்சுவலியை வாயு என்று சொல்லி இரண்டு நாள் கழித்து வரும் எஸ்டேட் ஆட்களை என்ன திட்டு திட்டுவீர்கள்! அவ்வளவும் உங்களுக்கு நான் பாக்கி வைத்திருக்கிறேன்.

மார்ச் மாதத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். வீட்டில் படிப்பார்கள். அம்மாவிடம் தாளைக் காட்டி, கேட்டுக்கொண்டுதான் இவ்வளவும் எழுதுகிறேன். அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டரை யாரும் குறை சொல்ல வேண்டாம். யாரிடமும் சொல்லாதே என்றது நீங்கள், அவர் கேட்டார்.

அப்புறம் உங்கள் நீல நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. நான் கொண்டுவந்த குறிப்பை ராத்திரி உட்கார்ந்து முத்து முத்தாகத் திரும்ப எழுதுவீர்களே. போன வருடத்துக்கும் எழுதி முடித்திருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் எல்லாம் வெற்றுப் பக்கம்.

சரி, இப்போதுதான் பணம் கட்டினேன். போகிறேன் சார். குன்னூரிலிருந்து ஒரு டாக்டர் வந்து பார்த்துக்கொள்கிறார். 61 வயது. அவர் வந்ததும் முதலில் அவருக்கே ஒரு ஈசிஜி எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லி சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். அது வந்த பிறகுதான் பஸ் ஏறுவேன்.