அட்மிரல் ராம்தாஸைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

டிசம்பர் 4 கடற்படை நாள் வந்தால் 1971 போரைப் பற்றி எழுதுகிறோம். கராச்சித் தாக்குதலைச் சொல்வோம், சரி. வங்கக் கடலில் கிழக்குப் பாகிஸ்தானை முற்றுகையிட்ட கப்பல்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவற்றுள் ஒன்றான ஐ.என்.எஸ். பியாஸுக்குத் தலைமை தாங்கி வீர் சக்ரா பெற்றவர் எல். ராம்தாஸ். 1933-இல் மும்பை மாட்டுங்காவில் பிறந்தவர், 1990 முதல் 1993 வரை கடற்படைத் தளபதியாக இருந்தார். மருத்துவப் பிரிவுக்கு வெளியே பெண்கள் அதிகாரிகளாகச் சேர்ந்தது 1992-இல், அவர் காலத்தில்தான். மூன்று மகள்களின் தந்தை அவர். அதற்கும் இதற்கும் தொடர்பு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

மனைவி லலிதா, கடற்படையின் முதல் இந்தியத் தளபதி கட்டாரியின் மகள். ஓய்வுக்குப் பின் இருவரும் டெல்லியில் தங்கிவிடவில்லை. மகாராஷ்டிரத்தின் அலிபாக் அருகே ஒரு கிராமத்தில் குடியேறி விவசாயம் பார்த்தார்கள். அப்புறம், போரிட்ட அதே மனிதர் பாகிஸ்தானுடன் சமாதானம் வேண்டும், அணு ஆயுதம் கூடாது என்று வெளிப்படையாகப் பேசினார். அதற்காகத் திட்டும் வாங்கினார். 2004-இல் மகசேசே விருது கிடைத்தபோது, பாகிஸ்தானின் மனித உரிமைச் செயல்பாட்டாளர் ஐ.ஏ. ரஹ்மானும் அவரோடு சேர்ந்து பெற்றார். அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பதவி போனபிறகும் வாய் திறந்த தளபதிகள் நம்மிடம் எத்தனை பேர்?

2024 மார்ச்சில் 90 வயதில் ஐதராபாத்தில் காலமானார். வரும் கடற்படை நாள் இணைப்பில் அவருக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

— வாசகர், தஞ்சாவூர்